அழகர் உடை தைக்கும் பாய் கடை: அளவு கொடுத்ததிலிருந்து ஆற்றங்கரை வரை

இந்தச் சித்திரைத் திருவிழாவில், வைகையில் இறங்க மதுரைக்கு வரும் அழகருக்கு என் மகன் முதல் தடவையாக நேர்த்திக்கடனாகத் தண்ணீர் பீய்ச்சினான். அவனுக்கு வயது 17. அதற்குப் போடும் உடையை எங்கே தைக்கக் கொடுக்கலாம் என்று மாசி மாதமே நாலு பேரிடம் விசாரித்தேன். நாலு பேரும் நாலு இடம் சொன்னார்கள். கடைசியில் எங்கள் அப்பா போய்க்கொண்டிருந்த கடைக்கே போனேன். அடுத்த வருஷம் நேர்ந்துகொண்டிருப்பவர்கள் என்னைப் போல அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. எழுகடல் தெருவை ஒட்டிய ஒரு சந்து. மாடிப்படிக்கு அடியில் இரண்டு தையல் மிஷின், துணி வெட்ட ஒரு மேஜை, சுவரில் ஆணிக்கு ஆணி சிவப்பும் பச்சையுமாகத் தொங்கும் சல்லடங்கள் என்னும் வெல்வெட் அரைக்கால்சட்டைகள். "அழகர் டிரெஸ் தைக்கிற பாய்" என்று கேட்டால் சந்து முனையில் பூக்கட்டும் அம்மாவே கையைக் காட்டிவிடுவார்.

பாய் முன்பு புது மண்டபத்தில் இருந்தவர். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. என் சின்ன வயதில் எங்களுக்கு அதுதான் கடைத்தெரு. தூணுக்குத் தூண் வளையல், பித்தளைப் பாத்திரம், பள்ளிக்கூட நோட்டு, தையல் மிஷின். கல் யாளிக்குக் கீழே மிஷின் கடகடவென்று ஓடும். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே தரை ஜில்லென்று இருக்கும். பிறகு அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். அந்தச் சிற்பங்களை மறைப்பில்லாமல் பார்க்க வேண்டும் என்றால் மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் காது அந்த மிஷின் சத்தத்தைத் தேடுகிறது. பாய் அங்கிருந்து தனியாக இந்தச் சந்துக்கு வந்துவிட்டார்.

அப்பா செல்லூரில் தறி ஓட்டியவர். எனக்கு நாலு வயதில் டைபாய்டு வந்து, பிழைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் தண்ணீர் பீய்ச்சுகிறேன் என்று அப்பா அழகருக்கு நேர்ந்துகொண்டார். மூன்று வருஷத்துக்கென்று நேர்ந்ததை, முட்டி தேய்ந்து போகும் வரை 26 வருஷம் செய்தார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் துக்கம் கழியாததால் வீட்டில் யாரும் காப்புக் கட்டவில்லை. தை மாதம் ஒருநாள் மகனாகவே வந்து, "அம்மா, தாத்தாவோட தண்ணிப் பையை நான் எடுத்துக்கிறேன்" என்றான். நான் நைட் டூட்டி முடித்து வந்து சோற்றில் கை வைத்திருந்தேன். அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை.

நாங்கள் போனபோது நோன்பு மாதம். சாயங்கால நேரம், பாய் தொப்பியோடு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து ஜரிகை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் யோசித்து, "செல்லூர் அண்ணன் மகளா நீ?" என்றார். தலையாட்டினேன். அப்பா போன விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை, ஸ்டூலில் இருந்த துணியை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

டேப்பை எடுப்பதற்கு முன்னால் என் மகனிடம் கேள்விதான் கேட்டார்.

"தண்ணியா தம்பி, திரியா?"

"தண்ணி."

"எத்தன வருசத்துக்கு?"

"மூணு."

"சரி. வளர்ற புள்ள. ரெண்டு இஞ்சு உள்ள மடிச்சு வைக்கிறேன், வருசா வருசம் கொண்டாந்து பிரிச்சுக்க."

திரி எடுத்து ஆடுபவர்களுக்குச் சட்டைக் கையில் லேஸ் தொங்கல் அவர் வைப்பதே இல்லை. கையில் நெருப்பு இருக்கிறது, பற்றிக்கொள்ளும். தண்ணீர் பீய்ச்சுபவர்களுக்கு வெல்வெட்டுக்கு உள்ளே காடாத் துணி கொடுத்துத் தைக்கிறார். சித்திரை வெயிலில் நனைந்த வெல்வெட் நேரடியாக உடம்பில் ஒட்டினால் தொடை உரிந்துபோகும் என்றார். அப்பாவின் பழைய சல்லடத்தை வீட்டில் பிரித்துப் பார்த்தேன். அதிலும் உள்ளே காடாத் துணிதான்.

அளவு எடுத்த விதத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். நிற்க வைத்து இடுப்பு, தொடை, முட்டி அளந்து ஒரு நோட்டில் குறித்தார். பிறகு, "உக்காந்து எந்திரி" என்றார். பையன் உட்கார்ந்து எழுந்தான். "ஒரு கால மடக்கித் தூக்கு." தூக்கினான். அப்படி மடக்கிய முட்டியைச் சுற்றி மறுபடி டேப்பைப் போட்டார். முதல் அளவுக்கும் இரண்டாவது அளவுக்கும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். "இப்ப வெளிய போய் ஆடு தம்பி" என்றார். பையனுக்கு வெட்கம். சந்தில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். பாய் மிஷினை நிறுத்திவிட்டுக் கையால் மேஜைப் பலகையில் தட்டினார், உறுமி போல. நாலு தட்டில் பையனுக்குக் கால் தானாக எடுத்தது. வாசலில் நின்று அவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நோட்டில் எழுதிய எண்ணை அடித்து, வேறு எண் எழுதினார். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் ஆட வைத்து அளவு எடுக்கும் டெய்லர் இவர் ஒருவர்தான்.

தலைக்கு உருமால், மேல்சட்டை, சல்லடம், இடுப்புக்குக் கச்சை நாலும் சேர்த்து 2,900 ரூபாய். சிவப்பு வெல்வெட், மஞ்சள் லேஸ், மார்பில் வட்டக் கண்ணாடி, சல்லட விளிம்பு முழுக்கப் பித்தளை மணி. மணியை மிஷினில் தைப்பதில்லை. மெழுகு தடவிய நூலால் ஒவ்வொன்றாகக் கையில் தைத்து, முடிச்சுப் போட்டதும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறார். வெளியே விசாரித்த இடங்களைவிட முந்நூறு ரூபாய் கூடுதல்தான். கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன் மகனுக்கு ரெடிமேடாக ஒன்று வாங்கினோம், 1,100 ரூபாய். முதல் பை தண்ணீர் மேலே பட்டதும் சாயம் இறங்கி முழங்கால் வரை நீலம். ராமராயர் மண்டபத்துக்குப் போவதற்குள் பின்பக்கத் தையல் விட்டு, பிள்ளை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பாய் போன் எடுக்க மாட்டார். பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள் வா என்றார், போனால் மேல்சட்டை பாதியில் நின்றது. மறுபடி இரண்டு நாள் கழித்துப் போகவேண்டி வந்தது. டூட்டி மாற்றி விட்டுப் போகிறவளுக்கு அது பெரிய சங்கடம். பில் கிடையாது, நோட்டில் எழுதுவதுதான் கணக்கு. கழுத்துப் பட்டையில் ஜரிகை முனையை உள்ளே மடக்காமல் விட்டதில் மகனுக்குக் கழுத்தோரம் கீறி எரிச்சல் எடுத்தது. வாங்கும்போதே கழுத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வாடகைக்குக் கேட்டால் கொடுக்க மாட்டார். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு என்று ஒருவர் வந்து கேட்டபோது, "இது காப்புக் கட்டிப் போடுறது சார், வாடகைக்கு வராது" என்று அனுப்பிவிட்டார்.

தாமதமான அந்த நாளில் ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கச் சொன்னார். ஆள் பெயர் பாதிக்கு மேல் இல்லை. ஊர்ப் பெயரும் இடுப்பளவும்தான். மேலூர் 32. அலங்காநல்லூர் 36. வாடிப்பட்டி 28. சோழவந்தான் 34, பக்கத்தில் 'திரி' என்று ஒரு சுழி. உசிலம்பட்டி ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஆறு அளவு, அப்பா பிள்ளைகள் போலிருக்கிறது. திருப்பாச்சேத்தி 20, அது மூன்று வயதுப் பிள்ளை. அவனுடைய அப்பத்தா வந்து பாட்டில் மூடி அளவுக்கு ஒரு கொண்டையும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனாராம்.

அந்த ஊர்களைப் படித்துக்கொண்டு போகும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மீனாட்சி கல்யாணம் ஒரு காலத்தில் மாசியில் நடந்தது. அழகர் அப்போது சோழவந்தான் பக்கம் தேனூரில்தான் வைகையில் இறங்கினார். திருமலை நாயக்கர் கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து, அழகரையும் மதுரைக்கு வரவைத்தார். 1600-களில் நடந்த காரியம். அதனால்தான் மீனாட்சி தேர் சித்திரையில் ஓடினாலும் மாசி வீதிகளில் ஓடுகிறது. வண்டியூர்ப் பக்கம் அழகர் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்கும் மண்டபத்துக்குப் பெயர் இன்றும் தேனூர் மண்டபம். நகரத்துக் கல்யாணமும் கிராமத்துச் சாமியும் ஒரே பௌர்ணமிக்கு வந்து சேர்ந்ததில், அறுப்பு முடித்த ஊர்களெல்லாம் மதுரைக்கு வரத் தொடங்கின. அப்படி வருகிறவர்களின் இடுப்பளவு இந்த மனிதரின் 40 பக்க நோட்டில் இருக்கிறது.

எங்கள் ஊரில் சித்திரை வந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கும். வாழ்நாள் முழுக்க ஒரே வேலை. எங்கள் தெருக்கோடி மளிகைக் கடைக்காரர் கோரிப்பாளையத்தில் பானகம் கரைப்பார். என் பெரியம்மா திருக்கல்யாணத்தன்று புது மஞ்சள் கயிறு மாற்றிய கையோடு சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்துக்குக் காய் நறுக்கப் போவார். மீனாட்சிக்கு மொய் எழுதாமல் சாப்பிட மாட்டேன் என்று ஒரு சித்தப்பா, 51 ரூபாய்தான், ஆனால் எழுதுவார். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் வருகிறார், தாரை வார்க்கப் பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். சாமிகளுக்கே வேலை இருக்கும்போது நாம் சும்மா நிற்க முடியுமா என்பாள் பெரியம்மா. அழகர் வரும் வழியில் அவர் நின்று போகும் மண்டகப்படி மட்டும் நானூறுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பமோ ஒரு சங்கமோ ஒரு தெருவோ பொறுப்பு. இந்த வேலையில் ஒருவரை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஓட்டை விழும். பாய்க்கு வேலை மணி தைப்பது.

அந்த ஓட்டையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2020-லும் 2021-லும் கொரோனாவால் அழகர் மலையைவிட்டு இறங்கவில்லை. கோயிலுக்குள்ளேயே எல்லாம் நடந்தது. திருக்கல்யாணத்தை டிவியில் பார்த்தபடி அம்மா தாலிக்கயிறு மாற்றினாள். பௌர்ணமிக் காலையில் அப்பா குளித்து, பழைய உருமாலைத் தலையில் கட்டிக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீரோடு வாசலுக்குப் போனார். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கிழக்கே பார்த்து மூன்று கை தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டார். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. பாயிடம் அதைச் சொன்னேன். "அந்த ரெண்டு வருசமும் மாஸ்க்தான் தச்சேன் தாயி" என்றார். "வெல்வெட்ட மடிச்சு வச்சிருந்தேன், எலி கடிச்சிருச்சு. பசியக் கூடத் தாங்கிரலாம். பங்குனி பொறந்து ஒரு ஆளு வந்து அளவு குடுக்கலன்னா கை என்னமோ செத்தது மாதிரி இருந்துச்சு."

மேஜையில் நோன்புக் கஞ்சி வந்தது. எனக்கும் ஒரு டம்ளர், கூட ஒரு வடை. பாங்கு சொன்ன பிறகு குடித்தோம். வண்டியூரில் அழகர் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குவதாகச் சொல்வார்களே என்று மகன் பேச்சை எடுத்தான். "ஆமா, எங்க வீட்டுக்குத்தானே வந்துட்டுப் போறாரு" என்று சொல்லிவிட்டு, பாய் மறுபடி ஊசியில் நூல் கோத்தார்.

பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஆட்டுத்தோல் பை பரணில் கிடந்து பலகை மாதிரி விறைத்துப் போயிருந்தது. பாய் தோல் வேலை செய்வதில்லை. செய்பவர் ஒருவரைக் காட்டிவிட்டார். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, விளக்கெண்ணெய் தேய்த்துத் தேய்த்து இளக்கி, வாயில் புதுப் பித்தளைக் குழாய் வைத்துக் கட்டிக் கொடுத்தார், 600 ரூபாய். பையைக் கக்கத்தில் இடுக்கி அமுக்கினால் குழாயிலிருந்து தண்ணீர் நூல் பிடித்த மாதிரி எழும்பி, மேலே போய்ச் சிதறி விழுகிறது. இதற்குப் பழக வேண்டும். மகன் மொட்டை மாடியில் பத்து நாள் பழகினான், பக்கத்து வீட்டு வடாம் ஒரு தட்டு நனைந்தது. உயர் அழுத்த பம்பு வைத்து அடிக்கக் கூடாது, தண்ணீரில் எதையும் கலக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்ததைச் சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அது முழுக்கச் சம்மதம். மலையிலிருந்து வெயிலில் வந்த சாமிக்கு உடம்பு குளிரட்டும் என்று தெளிக்கிற தண்ணீர் அது. கையால் அமுக்கினால் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு போதும். பம்பில் அடித்தால் தூக்கி வருகிறவர்கள் கண்ணில்தான் அறையும்.

மகன் காப்புக் கட்டி விரதம் இருந்தான். அன்று விடிவதற்கு முன்னாலேயே டூட்டியை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் கோரிப்பாளையத்துக்கு வந்தேன். கையில் சர்க்கரைக் கிண்ணம், வாழையிலையால் மூடி மேலே சூடம். தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு, தங்கக் குதிரையில் அழகர் வந்தார். கூட்டம் ஏ.வி. பாலம் வரை கறுப்பாக அசைந்தது. "கோவிந்தா" என்று ஒரு குரல் எழும்பி முடிவதற்குள் அடுத்தது. என்ன பட்டு கட்டியிருக்கிறார் என்று எக்கி எக்கிப் பார்த்து ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். பச்சை என்றால் விளைச்சல் என்பது எங்கள் கணக்கு. ஆற்றில் வீரராகவப் பெருமாள் எதிர்கொண்டு நின்றார்.

தண்ணீர் பீய்ச்சியது அதற்குப் பிறகு, ராமராயர் மண்டபத்தில், வெயில் ஏறிய நேரம். நூற்றுக்கணக்கான சிவப்பு உருமால். அதில் என் மகனை நான் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. காலைத் தூக்கி மடக்கும்போது அந்தச் சல்லடம் எங்கும் பிடிக்காமல் இறங்கி ஏறியது, அதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். எங்கள் அப்பா ஆடும்போதும் இடது காலை அப்படித்தான் கொஞ்சம் தாமதித்து இறக்குவார். இவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பையை அமுக்கினான், தண்ணீர் எழும்பி வெயிலில் ஒரு நொடி நின்றது. என் கிண்ணத்துச் சூடம் அணைந்தது எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஓர் அம்மா தன் சூடத்திலிருந்து பற்றவைத்துக் கொடுத்தார்.

உடை நாலு மணி நேரம் நனைந்தபடி இருந்தது. சாயம் இறங்கவில்லை. தையல் ஓர் இடத்தில்கூட விடவில்லை. தொடை உரியவில்லை. கண்ணாடி எல்லாம் அப்படியே இருந்தது. கழுத்துக் கீறலை மட்டும் சொன்னேனே, அதற்குத் தேங்காய் எண்ணெய் போட்டோம்.

அடுத்த வருஷத்துக்கு என்றால் பங்குனி பிறப்பதற்கு முன்னால் போய் அளவு கொடுங்கள். உடை வாங்கப் போகும் நாளில் சாயங்காலம் போங்கள், அப்போதுதான் உட்கார வைத்து ஒவ்வொரு தையலையும் காட்டுவார். முன்பணம் பாதி. கூகுள் பே இருக்கிறது, அவர் பேரன் போனில். பிள்ளையைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். பழைய டிரவுசரை அளவுக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்.

உடையை அலசி மொட்டை மாடியில் நிழலில் காயப்போட்டிருக்கிறேன். விளிம்பு மணிகளை எண்ணிப் பார்த்தேன், வலது காலில் ஒன்று குறைகிறது. ஆற்று மணலில் எங்கோ விழுந்திருக்க வேண்டும். பாய்க்குப் போன் செய்தேன், வழக்கம்போல் எடுக்கவில்லை. வியாழக்கிழமை டூட்டி முடிந்ததும் நேரிலேயே போகிறேன்.